மாஸ் எஃபெக்ட் விளையாடத் தொடங்கும் முன் யாராவது எனக்குச் சொல்லியிருக்க வேண்டியவை

மாஸ் எஃபெக்ட் என்ற விண்வெளிக் கதை வீடியோ கேமின் மூன்று பாகங்களையும் நான் முதல் தடவை விளையாடி முடித்தபோது எஞ்சியது சோர்வும் பண இழப்பும்தான். மறு தடவை தொடக்கத்திலிருந்து விளையாடியபோது, பல ஆண்டுகளாக எந்தக் கதையும் தராத நிறைவை அதே விளையாட்டு எனக்குத் தந்தது. இரண்டு தடவைக்கும் இடையில் துப்பாக்கிகளோ எதிரிகளோ மாறவில்லை. மாறியது, நான் எதற்காக விளையாடுகிறேன் என்பது மட்டுமே. கதையை மையமாகக் கொண்ட சுடும் விளையாட்டு ஒன்றை முதன்முதலாகத் தொடப்போகிறவர்களுக்கு இந்த வேறுபாட்டை எடுத்துச் சொல்லவே இதை எழுதுகிறேன். விளக்குவதற்காகக் கதையின் சில முக்கிய திருப்பங்களை வெளிப்படுத்தியிருக்கிறேன். எதுவும் தெரியாமல் விளையாட விரும்புகிறவர்கள் கணினி வாங்குவது பற்றிய பகுதியை மட்டும் படித்துவிட்டு, மற்றதை விளையாடி முடித்த பிறகு படிக்கலாம்.

கல்லூரிக் காலத்தில் பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்காகக் கவுன்ட்டர் ஸ்டிரைக் விளையாடியவன் நான். சுடும் விளையாட்டு என்றால் எதிரில் இருப்பவனும் ஒரு மனிதன், அவனைவிட நான் வேகமாகக் குறிபார்க்க வேண்டும், அவ்வளவுதான் என்று நினைத்துப் பழகியிருந்தேன். வேலை இரவு நேரப் பணியாக மாறியதும் அந்த வாசல் அடைபட்டது. நண்பர்கள் சேர்ந்து விளையாடும் நேரத்தில் நான் அலுவலகத்தில் இருந்தேன்; நான் ஓய்வாக இருந்த காலை வேளைகளில் அவர்கள் வேலையில் இருந்தார்கள். ஊர் முழுவதும் ஒரு நேரத்திலும் நான் மட்டும் வேறொரு நேரத்திலும் வாழ்வதாகத் தோன்றிய காலம் அது. தனியாக விளையாடக்கூடிய ஒன்று வேண்டும் என்ற தேவையில்தான், கனடாவின் எட்மண்டன் நகரில் இயங்கும் பயோவேர் நிறுவனத்தின் இந்த விளையாட்டைப் பற்றிக் கேள்விப்பட்டேன். 2007, 2010, 2012 ஆகிய ஆண்டுகளில் தனித்தனியாக வெளிவந்த மூன்று பாகங்களையும், பிற்பாடு வந்த சிறு கதைகளில் ஏறக்குறைய அனைத்தையும் சேர்த்து, படத்தரத்தை உயர்த்தி, 2021 மே மாதத்தில் லெஜண்டரி எடிஷன் என்ற ஒரே தொகுப்பாக வெளியிட்டிருந்தார்கள். நான் வாங்கியது அதைத்தான்.

முதல் இழப்பு விளையாட்டைத் தொடங்குவதற்கு முன்பே நேர்ந்தது. கடையில் "கேமிங் லேப்டாப்" என்று சொல்லி ரூ.58,000-க்கு விற்ற கணினியில் தனி கிராஃபிக்ஸ் கார்டே கிடையாது. பிராசசருடன் சேர்ந்தே வரும் சாதாரண கிராஃபிக்ஸ்தான் இருந்தது. இந்தத் தொகுப்புக்குக் குறைந்தபட்சம் என்விடியா ஜிடிஎக்ஸ் 760 அளவிலான கார்டும், 8 ஜிபி ராமும், 120 ஜிபி காலி இடமும் தேவை. தடையின்றி ஓட வேண்டுமானால் ஜிடிஎக்ஸ் 1070 அளவிலான கார்டும் 16 ஜிபி ராமும் வேண்டும் என்று தயாரிப்பாளர்களே குறிப்பிட்டிருக்கிறார்கள். என் கணினியில் படம் விட்டுவிட்டு நகர்ந்தது. கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ள மறுத்தார். பிறகு வேறோரிடத்தில் அதைப் பழையதாகக் கொடுத்து, மேற்கொண்டு பணம் போட்டு மாற்றியதில் ஏறக்குறைய ரூ.15,000 கைவிட்டுப் போனது. அந்த ஆத்திரம் ஆறச் சில வாரங்கள் ஆயின. ஆகவே கணினி வாங்கும்போது கடையிலேயே அதை இயக்கச் சொல்லி, டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியைத் திறந்து, ஜிபியு என்ற இடத்தில் எந்தப் பெயர் வருகிறது என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். தனி கார்டு இருந்தால் அதன் பெயர் அங்கே தனியாகத் தெரியும். பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் வில்லையையோ விற்பவரின் சொல்லையோ நம்ப வேண்டாம்.

120 ஜிபி என்பது இன்னொரு வகையிலும் செலவு வைத்தது. என் இணையத் திட்டத்தில் மாத அளவு தீர்ந்ததும் வேகம் குறைந்துவிடும் என்பதை டவுன்லோட் பாதியில் நின்றபோதுதான் உணர்ந்தேன். மீதியை முடிக்கக் கூடுதல் டேட்டா வாங்க வேண்டியிருந்தது. விளையாட்டை முழு விலை கொடுத்து வாங்கிய சில நாட்களில் அது பெரும் தள்ளுபடிக்கு வந்தது. இத்தகைய பழைய தொகுப்புகள் ஆண்டுக்குப் பலமுறை தள்ளுபடிக்கு வருகின்றன. எனவே அவசரம் இல்லாதவர்கள் விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில் விருப்பப் பட்டியலில் சேர்த்து வைத்துக் காத்திருக்கலாம். ஸ்டீமில் வாங்கினால், 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்க முடியும் என்பதையும் நினைவில் வையுங்கள். கதாபாத்திரத்தின் முகத்தை வடிவமைக்கச் செலவிடும் நேரமும் அந்த 2 மணி நேரத்தில் சேரும். ஆகவே முதலில் சற்று நேரம் ஒரு சண்டைக் காட்சி வரை சென்று, கணினி தாங்குகிறதா என்று சோதித்துவிட்டு, பிறகு சாவகாசமாக முகத்தைச் செதுக்குங்கள்.

இனி, பணத்தைவிடப் பெரிய இழப்பைச் சொல்கிறேன். உடன் பணிபுரிந்த ஒருவர், "முதல் பாகம் பழையது, மெதுவாகப் போகும், நேராக இரண்டாம் பாகத்தில் தொடங்குங்கள், அதில்தான் சண்டை நன்றாக இருக்கும்" என்று அறிவுரை சொன்னார். இணையத்தில் பலரும் அதையே சொல்லியிருந்ததால் அப்படியே செய்தேன். இரண்டாம் பாகத்தை மட்டும் தனியாகத் தொடங்கினால், முதல் பாகத்தில் நடந்ததை விளக்கும் ஒரு சித்திரக்கதை இடையில் வரும்; அதில் சில முக்கிய முடிவுகளை நாமே எடுக்கலாம். அதைத் தவிர்த்தால், விளையாட்டு தானே சில முடிவுகளை எடுத்துக்கொள்ளும். அவற்றில் ஒன்று, குரோகன் என்ற வேற்றுக்கிரக இனத்தைச் சேர்ந்த ரெக்ஸ் என்ற வீரர் இறந்துவிட்டார் என்பது. ரெக்ஸ் யாரென்றே தெரியாத எனக்கு அது ஒரு தகவலாகக்கூடப் படவில்லை. நாம் இயக்கும் நாயகர் ஷெப்பர்ட் தொடக்கக் காட்சியிலேயே இறந்துபோகிறார். அவருடைய கப்பல் நார்மண்டி உடைந்து சிதறுகிறது. இரண்டு ஆண்டுகள் கழித்து அவரை உயிர்ப்பித்து எழுப்புகிறார்கள். முதல் பாகத்தை விளையாடியவர்கள் அந்தக் கப்பலில் நாட்கணக்காக நடந்திருப்பார்கள், அதன் ஒவ்வோர் அறையிலும் யாருடனாவது பேசியிருப்பார்கள். எனக்கு அது ஏதோ ஒரு கப்பல்.

அதே நபர் கொடுத்த இன்னோர் அறிவுரை, கிளைப்பணிகளை விட்டுவிட்டு முதன்மைப் பணிகளை மட்டும் முடிக்கச் சொன்னது. இரண்டாம் பாகத்தின் அமைப்பே, மீண்டு வர இயலாது என்று எல்லோரும் நம்பும் ஒரு தாக்குதலுக்கு ஆட்களைத் திரட்டுவதுதான். திரட்டிய ஒவ்வொருவருக்கும் மனத்தை அரித்துக்கொண்டிருக்கும் ஒரு சிக்கல் இருக்கும்; அதைத் தீர்த்து வைத்தால் அவர் நமக்கு முழு விசுவாசத்துடன் நிற்பார். கப்பலின் கவசத்தையும் தடுப்புத் திரையையும் பீரங்கியையும் மேம்படுத்த வேண்டும். அதற்கான கனிமங்களைக் கோள் கோளாகத் தேடி எடுக்க வேண்டும். இவற்றையெல்லாம் நேர விரயம் என்று சொன்னதால் பெரும்பாலானவற்றைத் தவிர்த்தேன். எதிரியின் இருப்பிடத்துக்குச் செல்லும் ஓமேகா-4 வாயிலைக் கடந்ததும் கவசம் இல்லாத கப்பலை எதிரி தாக்கினான். ஜாக் என்ற பெண் அங்கேயே இறந்தாள். இறுதிப் பகுதியில், பின்னால் நின்று வாயிலைக் காத்தவர்களில் மோர்டின் என்ற விஞ்ஞானியும் டாலி என்ற பொறியாளரும் இறந்தார்கள். திரையில் சவப்பெட்டிகள் வரிசையாக வந்தன. எனக்கு வருத்தம் வரவில்லை. யாரென்று சரியாகத் தெரியாதவர்களின் இறுதிச் சடங்கில் நிற்கும் சங்கடம்தான் வந்தது.

மூன்றாம் பாகம் அந்த வெறுமையைப் பன்மடங்காக்கியது. முந்தைய பாகத்தின் சேவ் ஃபைலை (நாம் விளையாடியதைச் சேமித்து வைக்கும் கோப்பை) இதற்குள் கொண்டுவரும்போது யார் உயிரோடு இருக்கிறார்கள், யார் இல்லை, எந்த முடிவு எடுக்கப்பட்டது என்பதெல்லாம் கூடவே வந்துவிடும். ரெக்ஸ் இருக்க வேண்டிய இடத்தில், பழிவாங்குவதையே பேசும் வேறொரு தலைவன் நின்றான். மோர்டின் செய்ய வேண்டியதை முன்பின் பார்த்திராத ஒரு விஞ்ஞானி செய்தார். குவேரியன் என்ற இனத்துக்கும், அவர்கள் உருவாக்கிப் பின் கைமீறிப் போன கெத் என்ற இயந்திர இனத்துக்கும் இடையிலான போரில் சமாதானம் செய்ய ஒரு வழி உண்டு. டாலி உயிரோடு இல்லாதபோது அந்த வழி திறக்காது. ஏதாவது ஒரு பக்கம் நிற்க வேண்டும். மற்றோர் இனம் முழுவதுமாக அழியும். அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு விடியற்காலையில் கணினியை அணைத்தேன். இத்தனை பேர் கொண்டாடும் ஒன்றில் எனக்கு மட்டும் ஏன் எதுவும் ஒட்டவில்லை என்ற கேள்வி, தூங்கப் போனபோதும் கூடவே வந்தது. தனியாக இருந்த அந்த மாதங்களில் இதைக் கேட்டுத் தெளிவதற்குக்கூட ஆள் இல்லை.

அந்தக் கேள்விக்கு விடை தேடியபோது, விளையாடுகிறவர்களின் மனத்தை ஆராய்ந்த உளவியலாளர்கள் பற்றிப் படித்தேன். ரிச்சர்ட் ரையன், ஸ்காட் ரிக்பி, ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கி ஆகிய மூவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, மனிதர்களுக்கு இயல்பாகவே உள்ள மூன்று தேவைகளை விளையாட்டுகள் நிறைவேற்றும்போதுதான் மக்கள் அவற்றை விரும்பி விளையாடுகிறார்கள் என்ற கருத்தை முன்வைத்தது. ஒன்றைத் திறமையாகச் செய்கிறேன் என்ற உணர்வு, என் விருப்பப்படி முடிவெடுக்கிறேன் என்ற உணர்வு, பிறருடன் பிணைந்திருக்கிறேன் என்ற உணர்வு ஆகியவையே அந்த மூன்று. இதைப் படித்ததும் என் நிலை எனக்கு விளங்கியது. பிரவுசிங் சென்டரில் எனக்குத் திறமை உணர்வு கிடைத்தது. பக்கத்து நாற்காலியில் நண்பன் இருந்ததால் பிணைப்பும் கிடைத்தது. மாஸ் எஃபெக்டில் நான் திறமையை மட்டுமே தேடினேன். ஆனால் இந்த விளையாட்டில் குறிபார்ப்பது ஒரு பாதிதான். பிணைப்பு என்பது கப்பலில் இருக்கும் கதாபாத்திரங்களோடு ஏற்பட வேண்டியது. முடிவெடுக்கும் உணர்வு அவர்களுடைய வாழ்வைப் பொறுத்தது. அறிவுரை சொன்னவர்கள் தவிர்க்கச் சொன்னவை அனைத்தும் இந்த இரண்டையும் ஊட்டுவதற்காகவே வைக்கப்பட்டவை. அவற்றை நீக்கிவிட்டால் மிஞ்சுவது, போட்டி விளையாட்டுகளைவிடச் சற்று மந்தமான ஒரு சுடும் விளையாட்டுதான்.

ஆகவே முதல் பாகத்திலிருந்து தொடங்கினேன். இப்போது ஷெப்பர்டைப் பெண்ணாகத் தேர்ந்தெடுத்தேன். ஜெனிஃபர் ஹேல் கொடுத்திருக்கும் குரலில் உள்ள உறுதியும் களைப்பும் எனக்கு மிகவும் நெருக்கமாக இருந்தன. மார்க் மியர் குரல் கொடுத்த ஆண் ஷெப்பர்டை விரும்புகிறவர்களும் ஏராளம். முதல் பாகம் மெதுவாகப் போகும் என்பது உண்மைதான். முதல் சண்டை முடிந்ததும் சிட்டடெல் என்ற மாபெரும் விண்நிலையத்தில் பல மணி நேரம் நடப்பதும் பேசுவதுமாகவே கழியும். பலர் இங்கேதான் கைவிடுகிறார்கள். இந்த இடத்தில் ஒரு யோசனை: எல்லாப் பணிகளையும் அப்போதே முடிக்க முயல வேண்டாம். கப்பல் கைக்கு வந்ததும் வெளியே சென்று ஒரு கோளில் சண்டையிட்டுவிட்டு, பிறகு சிட்டடெலுக்குத் திரும்பி வந்து மீதியைச் செய்யலாம். தொகுப்பில் முதல் பாகத்தின் துப்பாக்கிகளையும் மாக்கோ என்ற வாகனத்தையும் பழையதைவிட நன்றாகச் சரிசெய்திருக்கிறார்கள் என்பதால் சண்டைகள் அவ்வளவு சிரமப்படுத்தவில்லை.

என்னை முதலில் உள்ளே இழுத்தது கதாபாத்திரங்கள்கூட அல்ல, அந்த உலகத்தின் ஒழுங்கு. கோடெக்ஸ் என்ற பகுதியில் அந்த உலகத்தின் அறிவியலையும் வரலாற்றையும் குரலாகவே வாசித்துக் காட்டுகிறார்கள். 2148-இல் மனிதர்கள் செவ்வாய்க் கோளில் அழிந்துபோன ஓர் இனத்தின் எச்சங்களைக் கண்டெடுக்கிறார்கள். மின்சாரம் பாயும்போது பொருளின் நிறையைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும் ஒரு தனிமம் இருக்கிறது. விண்மீன்களுக்கு இடையிலான பயணமும் துப்பாக்கியும் தடுப்புத் திரையும் இந்த ஒரே கற்பனையிலிருந்து பிறக்கின்றன. முதல் பாகத்தில் துப்பாக்கிக்குத் தோட்டா தீராது, சூடு மட்டுமே ஏறும். முதலில் அது விளையாட்டுக்கான வசதி என்று எண்ணினேன். துப்பாக்கிக்குள் இருக்கும் உலோகக் கட்டியிலிருந்து மணல் அளவு துணுக்கைச் சீவி, அதன் நிறையைக் குறைத்து, பெரும் வேகத்தில் எறிகிறது என்று கோடெக்ஸில் கேட்டபோது, நான் அழுத்தும் விசைக்கும் கதைக்கும் உள்ள தொடர்பு புரிந்தது. அறிவியல் புனைகதையில் ஆர்வம் உள்ளவர்களுக்கு இந்த ஆராயும் இன்பமே போதிய காரணமாக இருக்கும். சாப்பிடும்போது கோடெக்ஸை ஓடவிட்டுக் கேட்டதில் பல விஷயங்கள் மனத்தில் தங்கின.

ரெக்ஸை நான் உண்மையில் சந்தித்தது வெர்மைர் என்ற கோளில். குரோகன் இனத்தார் ஒரு காலத்தில் போர்களில் மற்ற இனங்களை மிரட்டியதால், சலாரியன் இன விஞ்ஞானிகள் உருவாக்கிய மரபணுப் பிணியை டூரியன் இனப் படைகள் அவர்கள்மீது ஏவின. அதன் பிறகு அவர்களுக்கு ஆயிரம் கருக்களில் ஒன்றுதான் பிழைக்கிறது. அதற்கு மருந்து கண்டுபிடித்திருக்கும் எதிரியின் கூடத்தை நாம் தகர்க்க வேண்டும். ரெக்ஸ் துப்பாக்கியை நம்மை நோக்கி நீட்டுகிறார். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது என்பது எனக்குத் தெரிந்திருந்தது, ஏனென்றால் கப்பலில் அவரோடு அத்தனை முறை பேசியிருந்தேன். பேசும் திறனுக்குப் போதிய புள்ளிகள் இட்டிருந்தாலோ, அவருடைய குடும்பக் கவசத்தை மீட்டுக் கொடுத்திருந்தாலோ அவரை அமைதிப்படுத்தலாம். இல்லாவிட்டால் அவரை இழக்க நேரிடலாம். என் கைகள் வியர்த்தன. ஒரு சண்டைக் காட்சியிலும் எனக்கு அப்படி வியர்த்ததில்லை. சிறிது நேரத்துக்குள் அதே கோளில் ஆஷ்லி, கெய்டன் என்ற இருவரில் ஒருவரை மட்டுமே காப்பாற்ற முடியும் என்ற நிலை வருகிறது. அங்கே எந்தத் திறமையும் உதவாது. நான் கெய்டனை விட்டு வந்தேன். அது சரியா என்று எனக்கு இன்னும் விடை இல்லை. பேச்சுத் திறனுக்குத் தொடக்கத்திலிருந்தே புள்ளிகளை இட்டு வாருங்கள். சண்டைத் திறன்களுக்கு அள்ளிக் கொடுத்துவிட்டு இந்த இடத்துக்கு வந்தால் பேசுவதற்கு வழி இருக்காது.

இரண்டாம் பாகத்தில் நான் கற்றதைச் சுருக்கமாகவே சொல்லலாம். எல்லோருடைய தனிப் பணிகளையும் முடியுங்கள். கப்பலின் மூன்று மேம்பாடுகளையும் செய்யுங்கள். கதையின் முதன்மை எதிரிகளான ரீப்பர்களின் கப்பலிலிருந்து, ஓமேகா-4 வாயிலைக் கடக்கத் தேவையான அடையாளக் கருவியை எடுக்கும் பணிக்கு முன்பே இவற்றையெல்லாம் கூடியவரை முடித்துவிடுங்கள். ஏனென்றால் அதன் பிறகு நம் கப்பல் ஊழியர்கள் கடத்தப்படுவார்கள். உடனே மீட்கப் போகாமல் வேறு பணிகளில் காலம் கடத்தினால் அவர்களில் பலர் இறப்பார்கள். இறுதித் தாக்குதலில் யாரை எந்த வேலைக்கு அனுப்புகிறோம் என்பது அவரவர் இயல்பைப் பொறுத்தது. இயந்திர வேலைக்கு டாலி அல்லது கெத் இனத்தைச் சேர்ந்த லீஜன், படைப்பிரிவை நடத்தக் கேரஸ் அல்லது மிராண்டா, பயோட்டிக் என்ற ஆற்றலால் எழுப்பும் பாதுகாப்புத் திரைக்குச் சமாரா அல்லது ஜாக். மோர்டின் உடல் வலுவில்லாதவர் என்பதால் மீட்கப்பட்ட ஊழியர்களோடு அவரைத் திருப்பி அனுப்பிவிடுவது நல்லது. அவருடைய தனிப் பணி முடிந்திருந்தால் பத்திரமாகத் திரும்புவார். தோழர்களில் இருவராவது பிழைக்காவிட்டால் ஷெப்பர்டும் இறப்பார். அந்த சேவ் ஃபைலை மூன்றாம் பாகத்துக்குக் கொண்டுபோகவே முடியாது. இந்தப் பட்டியலை நான் தருவது பயத்தைக் குறைக்கத்தான். ஒருவரைப் பற்றி நன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தால், எந்த வேலைக்கு அவர் பொருத்தமானவர் என்பதை வழிகாட்டி இல்லாமலே சொல்லிவிட முடியும். தெரிந்துகொண்டதற்கான பலன் மனிதர்களின் உயிராகக் கிடைப்பதுதான் இந்தப் பாகத்தின் பெருமை.

மூன்றாம் பாகத்தில் மோர்டினைப் பற்றி எழுதாமல் இருக்க இயலவில்லை. குரோகன்களின் பிணி மங்கத் தொடங்கியபோது அதை மீண்டும் வலுவாக்கியவர் அவர்தான். வேகவேகமாக, சொற்களை விழுங்கி விழுங்கிப் பேசுவார். சலாரியன்களின் ஆயுள் ஏறக்குறைய 40 ஆண்டுகள் என்பதால் அந்த அவசரத்துக்கும் பொருள் உண்டு. இரண்டாம் பாகத்தில் தம் செயலைக் கணக்குகளால் நியாயப்படுத்துவார். மூன்றாம் பாகத்தில், டுசாங்கா கோளில், வெடித்துச் சிதறும் கோபுரத்தின் உச்சிக்குத் தாமே ஏறி மருந்தைப் பரவச் செய்கிறார். வேறொருவர் செய்தால் பிழையாகிவிடக்கூடும் என்பதே அவர் சொல்லும் காரணம். முன்பு ஆய்வகத்தில் பாடிக் காட்டிய மெட்டை முணுமுணுத்தபடியே அவர் ஏறுகிறார். அழுதேன். முதல் தடவை இதே கோபுரத்தில் வேறு யாரோ ஏறினார். அப்போது நான் அடுத்த சண்டை எப்போது வரும் என்று காத்திருந்தேன். குவேரியன்களின் தாய்க்கோளான ரனாக்கில் இந்த முறை டாலியும் லீஜனும் உயிரோடு இருந்ததால் இரண்டு இனங்களையும் சமாதானப்படுத்த முடிந்தது. இரண்டாம் பாகத்தில் என்றோ ஒரு நாள் ஒரு வழக்கில் டாலிக்காகப் பேசியது, டாலிக்கும் லீஜனுக்கும் நடந்த சண்டையை விலக்கியது எல்லாம் இங்கே ஒன்றுசேர்ந்து உதவின.

இந்த விளையாட்டில் எனக்கு மிகவும் பிடித்த சுடும் காட்சியில் எதிரியே இல்லை. சிட்டடெலின் உயரத்தில் கேரஸும் ஷெப்பர்டும் உட்கார்ந்து, மாறிமாறி வீசப்படும் போத்தல்களை யார் சுடுகிறார்கள் என்று போட்டி போடுகிறார்கள். அதில் வேண்டுமென்றே குறி தவறவும் முடியும். நண்பன் மகிழட்டும் என்று நான் தவறவிட்டேன். சுடும் விளையாட்டுகளை இத்தனை ஆண்டுகள் விளையாடியவன், குறி தவறியதற்காக மகிழ்ந்தது அன்றுதான். திறமையைக் காட்டும் ஆசையைவிட ஒருவர் மீதுள்ள பிரியம் பெரிதாகும் அந்தக் கணத்தை வேறெந்தச் சுடும் விளையாட்டிலும் நான் அனுபவித்ததில்லை. பயோவேரில் பணியாற்றிய ஒருவர் 2020-இல் வெளியிட்ட தகவல்படி, ஏறக்குறைய 92 சதவீதம் பேர் நல்வழியிலேயே இந்த விளையாட்டை விளையாடியிருக்கிறார்கள். கடுமையாக நடந்துகொள்ளும் ஷெப்பர்டுக்காக எழுத்தாளர்கள் பெரும் உழைப்பைச் செலவிட்டிருந்தும், யாரும் தண்டிக்கப்போவதில்லை என்று தெரிந்தும், பெரும்பாலோர் கனிவையே தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். மக்கள் இதை எதற்காக விரும்புகிறார்கள் என்று கேட்பவர்களுக்கு நான் இந்த எண்ணைத்தான் காட்டுவேன்.

முடிவைப் பற்றி ஓர் எச்சரிக்கை தேவை. 2012-இல் மூன்றாம் பாகம் வெளிவந்தபோது, அத்தனை முடிவுகளும் இறுதியில் ஒன்றுபோலத் தோன்றும் மூன்று வண்ணங்களில் அடங்கிவிட்டதாக விளையாடியவர்கள் கொதித்தார்கள். சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று நிறங்களில், ஆனால் ஒரே சுவையில், 400-க்கும் மேற்பட்ட கப்கேக்குகளை நிறுவனத்துக்கு அனுப்பித் தங்கள் எதிர்ப்பைத் தெரிவித்தார்கள். அதே வேகத்தில் குழந்தைகளுக்கான ஒரு தொண்டு அமைப்புக்குப் பெரும் நிதியும் திரட்டினார்கள். அந்த ஆண்டு ஜூனில் முடிவை விரிவாக்கிய பகுதி இலவசமாக வெளியானது; இப்போதுள்ள தொகுப்பில் அது சேர்ந்தே வருகிறது. எனக்கு அந்த முடிவு இன்றும் முழு நிறைவு தரவில்லை. ஆனால் இவ்வளவு பேர் கோபப்பட்டதே, அவர்கள் எந்த அளவுக்கு இந்த மனிதர்களைத் தம்முடையவர்களாக எண்ணினார்கள் என்பதைக் காட்டுகிறது. கடைசி அரைமணி நேரத்தை வைத்து மொத்தத்தையும் எடைபோட வேண்டாம்.

நம்மில் ஆங்கிலப் படங்களைச் சப்டைட்டில் இன்றிப் பின்தொடரச் சிரமப்படுகிறவர்களுக்குச் சில சொற்கள். சப்டைட்டிலைத் தொடக்கத்திலேயே இயக்கிவிடுங்கள். மோர்டின் பேசும் வேகத்துக்கு அது கட்டாயம் தேவை. உரையாடல் வளையத்தில் தெரிவது ஷெப்பர்ட் பேசப்போகும் வாக்கியத்தின் சுருக்கம் மட்டுமே; சில சமயங்களில் நாம் எண்ணியதைவிடக் கடுமையாக அவர் பேசிவிடுவார். வளையத்தின் மேற்பகுதியில் உள்ளவை பொதுவாகக் கனிவானவை, கீழ்ப்பகுதியில் உள்ளவை கடுமையானவை, இடப்பக்கம் உள்ளவை மேலும் விசாரிப்பதற்கானவை என்று அறிந்துகொண்டால் குழப்பம் குறையும். விரல் வேகம் இல்லாதவர்கள் தயங்க வேண்டியதில்லை: திறன்களைத் தேர்ந்தெடுக்கும் வளையத்தைத் திறந்தால் சண்டை அப்படியே நிற்கும், நிதானமாக யோசிக்கலாம். கடினத்தன்மையையும் எப்போது வேண்டுமானாலும் குறைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பெரிய பணிக்கு முன்னும் தனித்தனி சேவ் ஃபைலாகச் சேமித்து, அவற்றின் நகலை வேறோரிடத்திலும் வையுங்கள். மூன்று பாகங்களும் அந்த ஒரு கோப்பையே நம்பியிருக்கின்றன. மூன்றையும் கிளைப்பணிகளோடு முடிக்க ஏறக்குறைய 100 மணி நேரம் ஆகும் என்று எண்ணிக்கொண்டு, தேர்வு நேரத்திலோ புதிதாக வேலையில் சேர்ந்த மாதத்திலோ தொடங்காமல் இருப்பது நல்லது. நான் இரவுப் பணி முடித்து வந்து உறக்கத்தைத் தள்ளிப்போட்டு விளையாடிய நாட்களில் பேச்சுகள் எதுவும் மனத்தில் பதியவில்லை. பேச்சு பதியாத நாட்களில் இந்த விளையாட்டைத் தொடுவதில் பயனில்லை.

கடைசியாக, மூன்றாம் பாகத்தில் சிட்டடெல் என்ற பெயரிலேயே ஒரு கூடுதல் கதை இருக்கிறது. 2013 மார்ச்சில் தனியாக வெளிவந்த அது, இன்று தொகுப்பிலேயே கிடைக்கிறது. அதன் முடிவில், ஷெப்பர்டின் வீட்டில், அதுவரை உயிர் பிழைத்திருக்கும் தோழர்கள் எல்லோரும் கூடும் ஒரு விருந்து நடக்கும். இதை முன்கூட்டியே விளையாடவும் முடியும். ஆனால் ரனாக் போர் முடிந்து, எல்லோரும் வந்து சேர்ந்த பிறகு, மூன்றாம் பாகத்தில் நமக்கு எதிராக நிற்கும் செர்பரஸ் அமைப்பின் தலைமையகத்தைத் தாக்கப் போவதற்குச் சற்று முன்பாக விளையாடுவதே சிறந்தது. அந்தத் தாக்குதலைத் தொடங்கிவிட்டால் திரும்பி வர வழியில்லை, விருந்தும் கைநழுவிவிடும். எத்தனை பேரைக் காப்பாற்றினீர்களோ அத்தனை பேர் அங்கே வருவார்கள்.